வலது பக்கத்துக் குழாய்

மார்ச் 3

பெயர்ப்பலகைக் கடையில் பத்து மணி நேரம் நின்று பிளாஸ்டிக் தகடு அறுக்கிறேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தும் பிளாஸ்டிக் தகடுதான் அறுக்கிறேன். இடுப்பு விட்டுப்போகிறது. இன்று பின்சக்கரம் இரண்டும் முடிந்தன. தேய்ந்த செருப்பின் அடி ரப்பரை வட்டமாக வெட்டி, டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, உப்புத்தாளால் தேய்த்தேன். மூக்கு முழுக்கக் கறுப்பு.

டிராக் பந்தயக் கார். நேர்கோட்டில் பத்து விநாடி மட்டும் ஓடுகிற ஜாதி. நிஜத்தில் இருபத்துநாலில் ஒரு பங்கு அளவில் செய்கிறேன். நிஜக் கார் இப்போது இல்லை. ஜனவரியில் வலது பக்கமாகச் சுவரில் மோதியது. ஓட்டியவனை நெட்டை என்றுதான் கூப்பிடுவோம்; அவனுக்கு வலது கால் முட்டிக்குக் கீழே போயிற்று. மறுவாரமே அந்தக் காரைக் கட்டிய பட்டறையின் முதலாளி காரைப் பழைய இரும்புக்குப் போட்டு நசுக்கிவிட்டு, "வெல்டிங் விட்டுவிட்டது" என்று பந்தய கிளப்புக்கு எழுதிக் கொடுத்தார். வெல்டிங் வைத்தது என் அண்ணன்.

இருபத்தேழாம் தேதி விசாரணை. கிளப் வரைபடம் கேட்கிறது. அண்ணனுக்கு ஏது வரைபடம்? சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, அதன்மேல் வைத்துக் குழாயை வளைப்பவன் அவன். வெல்டிங்தான் காரணம் என்று முடிவானால் இனி எந்தப் பட்டறையும் அவனை உள்ளே விடாது. அதனால் காரைத் திரும்பக் கட்டுகிறேன். எந்தக் குழாய் எங்கே இருந்தது, எதைத் தாங்கியது, எல்லாம் அவர்கள் மேஜைமேல் நிற்கட்டும்.

மார்ச் 7

கூண்டு, அதாவது ஓட்டுகிறவனைச் சுற்றி நிற்கிற குழாய்ச் சட்டம். பித்தளைக் கம்பியை வளைத்து ஈயம் வைத்து ஒட்டுகிறேன். ஒரு முனை ஒட்டினால் பக்கத்து முனை உருகிக் கழன்றுவிடுகிறது. நனைத்த பஞ்சைச் சுற்றிவைத்தால் நிற்கிறது. புகைபோக்கிக்கு எட்டு பேனா ரீஃபில். எரிபொருள் குழாய்க்கு ஊசி போடுகிற ஊசி. நர்ஸ் வேலை பார்க்கும் தோழி புதிதாக ஒரு பெட்டி தந்தாள்.

கடையில் லேமினேஷன் போடுகிறவன் கேட்டான்: "கல்யாண வயசுல கார் பொம்மையா?" உன் வயதில் மூளை இருக்கவேண்டுமே, அது எங்கே என்று கேட்டேன். மத்தியானம் முழுக்க அவன் பேசவில்லை. நிம்மதி.

மார்ச் 11

இடது பக்கம் முடிந்தது. என் போனில் நல்ல படங்கள் இருந்தன. ஓட்டுகிறவனின் முட்டிக்குப் பக்கத்தில் குறுக்கே ஒரு குழாய் போகிறது. பக்கவாட்டு இடியை வாங்குவது அதுதான். வலது பக்கத்துக்குப் படமே இல்லை. எல்லாரும் கூட்டம் நிற்கிற பக்கத்திலிருந்தே எடுத்திருக்கிறார்கள். கடைசியில் ஞாபகம் வந்தது: பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் கடையிலேயே அடித்த பெரிய பேனர். அதில் வலது பக்கம் முழுசாகத் தெரிகிறது. அதைப் பார்த்துக் கட்டுகிறேன்.

மார்ச் 14

தூக்கம்தான் வருகிறது. வேறொன்றும் எழுத இல்லை.

மார்ச் 18

அண்ணன் இன்றுதான் முதல்முறையாக மேஜைப் பக்கம் வந்தான். இரண்டு மாதமாக அவனைப் பார்த்தால் யாரோ கழற்றிப்போட்ட சட்டை மாதிரி இருக்கிறது. காரை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எதுக்கு ரெண்டு பக்கமும் பாராசூட் கைப்பிடி வச்சிருக்க? நெட்டைக்கு ரெண்டு பாராசூட்டா?" என்று சிரித்தான். கோட்டைத் தாண்டியதும் பின்னால் விரிந்து காரை நிறுத்துகிற பாராசூட்டைச் சொல்கிறான்.

இன்னொன்று எரிபொருளை நிறுத்துகிற கைப்பிடி என்று நினைத்தேன் என்றேன். கைப்பிடி இடது பக்கம் ஒன்றுதான் என்றான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வலது பக்கத்தையே பார்த்தான். காரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

மார்ச் 19

கடைக் கம்ப்யூட்டரில் பழைய பேனரைத் திறந்து பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். படம் இடது பக்கம்தான். கார் விளம்பரக்காரன் பெயரைப் பார்த்து ஓடவேண்டும் என்று கேட்டார்கள். படத்தை நானே இடம் வலமாகத் திருப்பி, வண்டி எண்ணை மட்டும் நேராக்கி அடித்திருக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் படம் திருப்புகிறேன்; எதுவுமே ஞாபகத்தில் நிற்பதில்லை. நான் புரட்டிய புரட்டை நானே நம்பி ஒரு வாரம் கம்பி வளைத்திருக்கிறேன்.

அப்படியானால் வலது பக்கத்தில் நிஜமாக என்ன இருந்தது?

மார்ச் 20

கேட்டேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அந்தக் குழாய் இல்ல. நான்தான் அறுத்தேன்."

நெட்டைக்கு ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது முட்டி இடித்ததாம். எடையும் குறையும், ஒரே ஒரு ரேஸ், முடிந்ததும் திரும்ப வைத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொன்னாராம். பந்தயத்துக்கு மூன்று நாள் முன்னால் அறுத்து, வெட்டிய இடத்தை வழவழவென்று தேய்த்துப் பெயின்டும் அடித்துவிட்டானாம். "முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. நான் எந்த முதலாளியிடம் முடியாது என்று சொல்லியிருக்கிறேன்? பேனரைத் திருப்பு என்றால் திருப்புகிறேன்.

மார்ச் 21

வீட்டில் சண்டை. அண்ணி சொல்கிறாள்: "நீ வச்ச அந்தக் குழாய் அப்படியே இருக்கட்டும். காரே இல்ல, யார் வந்து பாக்கப்போறா?"

நானும் அவள் பக்கம்தான். பொய் எழுதிக்கொடுத்த ஆள் ஏசி அறையில் இருக்கிறான். உண்மையைப் பேசும் வேலை மட்டும் எப்போதும் எங்கள் தலையில்தான் விழவேண்டுமா? இரண்டு கைப்பிடியில் ஒன்றை எடுத்துவிட்டால் கார் கச்சிதம். கூண்டு முழுசு, வெல்டிங் சுத்தம், மோதிய வேகம்தான் காரணம் என்று ஆகிவிடும். கைப்பிடியை எடுத்தும் விட்டேன்.

மார்ச் 22

கடையிலிருந்து வந்தால் மேஜையில் என் கட்டிங் பிளேயர் கிடக்கிறது. வலது பக்கத்துக் குழாய் இல்லை. வெட்டிய இடத்தை வழவழவென்று தேய்த்தும் வைத்திருக்கிறான் அண்ணன்.

மார்ச் 27

மேஜைக்கு அந்தப் பக்கம் கிளப்காரர்கள் மூன்று பேர். முதலாளிக்கு நாற்காலி, நெட்டைக்கு நாற்காலி. அண்ணனும் நானும் நின்றோம். தலைவர் காரைத் தூக்கிப் பார்த்து, "பிரமாதமா இருக்கே, இதை விப்பியாம்மா?" என்றார்.

அண்ணன் அவர் கையிலிருந்து காரை வாங்கி, வலது பக்கத்தைத் திருப்பி வைத்தான். "இந்த எடத்துல ஒரு குழாய் இருந்துச்சு சார். முதலாளி அறுக்கச் சொன்னார். அறுத்தேன். வெல்டிங் விடல. குழாயே இல்ல."

தான் சொல்லவே இல்லை என்றார் முதலாளி. எழுத்தில் இருக்கிறதா என்றும் கேட்டார். எழுத்தில் சொல்லியா எங்களை வேலை வாங்குகிறார்கள்?

நெட்டை தரையில் கிடந்த ஊன்றுகோலைப் பார்த்தபடி பேசினான்: "முட்டி இடிக்குதுன்னு முதலாளிகிட்ட சொன்னது நான்தான் சார். பார்த்துக்கிறேன்னார். அன்னைக்கு உக்காந்தேன். இடிக்கல. அப்பாடான்னு இருந்துச்சு." பிறகு, "ஏன் இடிக்கலைன்னு எனக்கும் தெரியும்ணே" என்றான். அதை மட்டும் அண்ணனைப் பார்த்துச் சொன்னான்.

பஸ்ஸில் வரும்போது, நெட்டைக்கும் தெரிந்திருக்கிறதே என்றேன் அண்ணனிடம். வீட்டில் அண்ணி கொதித்தாள்: தெரிந்தே இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தவன் மனுஷனா என்று.

ஏப்ரல் 9

கடிதம் வந்தது. வெல்டிங்கில் குறை இல்லை. பாதுகாப்புக் குழாயை அகற்றியதற்காக அண்ணனுக்கு மூன்று வருடம் தடை. முதலாளிக்கு எச்சரிக்கை. எச்சரிக்கை! மறுபடி வாசித்தேன், மாறவில்லை. காரை கிளப்பே வைத்துக்கொண்டது. கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறார்களாம். திருப்பிக் கேட்கப் போகத் தெம்பில்லை.

அண்ணன் ஜன்னல் கிரில் செய்கிற இடத்தில் சேர்ந்திருக்கிறான்.

ஏப்ரல் 26

ஞாயிறு. எட்டு மணிக்கே நெட்டை வாசலில் வந்து நின்றான். புதுக் கால் உரசுகிறதாம். அண்ணன் அவனைக் கால் செய்து தருகிறவரிடம் கூட்டிப்போய், கோணம் தப்பு என்று அவரோடு வாதாடியிருக்கிறான். அவர் வெளியே போகச் சொல்லியிருக்கிறார். இவன் போகாமல் நின்று சரிசெய்து வாங்கியிருக்கிறான். திரும்பி வரும்போது இருவருக்கும் டயரில் எவ்வளவு காற்று இருக்கவேண்டும் என்று சண்டை. தெருமுனையிலேயே கேட்டது.

அண்ணி மூன்று தட்டு எடுத்து வைத்தாள். நெட்டை வாசற்படியிலேயே நின்றான். அண்ணி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே உள்ளே போய் இன்னொரு தட்டு எடுத்து வந்தாள்.