தலைகீழாக விழுந்த பெயர்

தாய்னான், தைவான்,
7 நவம்பர் 1989

பெய்யுன் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஷான்டுங்கில் இந்நேரம் குளிர் கடுமையாக இருக்கும். முழங்காலுக்கு மறக்காமல் தைலம் தேய்க்கிறீர்களா? சீனாவுக்குப் போக இப்போது விடுகிறார்களே, பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு ஒரு மாதத்தில் வருகிறேன் என்று ஜூலையில் போனீர்கள். நான்கு மாதமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நம் பெண் பெய்யுன் கல்யாணம் முடிந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் மூன்று முறை எழுந்துவிட்டேன். ஒரு முறை அடுப்பைப் பார்க்க, இரண்டு முறை தபால்காரர் வண்டிச் சத்தம் என்று நினைத்து. நாள் குறித்ததுமே உங்களுக்கு இரண்டு கடிதம் போட்டேன். ஹாங்காங் சுற்றி அங்கே வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். கிடைத்ததா இல்லையா என்றே தெரியவில்லை.

கோபப்படாமல் படியுங்கள். கையெழுத்துக்குப் பதிலாக நீங்கள் குத்தும் பெயர் முத்திரையை எடுத்து நான் குத்திவிட்டேன்.

கல்யாணப் பத்திரத்தில் பெண்ணின் அப்பா பெயருக்குக் கீழே முத்திரை வேண்டுமே. நீங்கள் வந்துவிடுவீர்கள் என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அண்ணன் ஆசுய்தான், "கொம்பு முத்திரை உன் அலமாரியிலதானே கெடக்கு? எடுத்துக் குத்து, யாரு கேக்கப்போறா?" என்றார். "அவர் கையால குத்தினாத்தான் அது அவர் முத்திரை. நான் குத்தினா வெறும் சிவப்பு மை" என்றேன். அதற்கு அண்ணன் சொன்ன பதில் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. "பைத்தியமே, இத்தனை வருஷத்துல அதை உன்னைத் தொடக்கூட விட்டதில்ல. ஒரு மாசத்துல திரும்பி வர்றவன் முத்திரையைக் குடுத்துட்டா போவான்?"

புறப்படும்போது, "அவசரம்னா குத்திக்கோ" என்று என் கையில் வைத்தீர்கள். என்ன அவசரம் என்று நான் கேட்கவில்லை.

விருந்தில் மீன் பரிமாறும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முத்திரை குத்த ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா குத்தினார். அடுத்து ஒலிபெருக்கியில் உங்கள் பெயர். பெய்யுன் என்னையே பார்த்தாள். எழுந்து போனேன். மையில் ஒற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். எடுத்துப் பார்த்தால், உங்கள் பெயர் தலைகீழாக நிற்கிறது.

மாப்பிள்ளையின் அத்தை, "ஐயையோ, இது நல்லதுக்கில்லையே" என்றார். பெய்யுன்தான் சட்டென்று, "விடுங்க அத்தை, எங்கப்பா அவசரமா ஓடி வந்தாரா, தடுக்கி விழுந்துட்டாரு" என்றாள். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அப்புறம் உடை மாற்றும் அறையில் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அப்பா வரமாட்டாருன்னு உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?" என்று கேட்டாள். கீழே விழுந்த ஊசியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அங்கே உங்கள் முதல் மனைவி பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார், வேறு யாருமில்லை, நான்தான் கஞ்சி ஊட்டுகிறேன் என்று ஆகஸ்ட்டில் எழுதியிருந்தீர்கள். போரில் நீங்கள் கடல் தாண்டி இங்கே வந்த பிறகும், வேறு யாரையும் கட்டிக்கொள்ளாமல் நாற்பது வருஷம் காத்திருந்தவரை விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் எப்படி எழுதுவேன்? எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நேற்று, கடலைக் காக்கும் நம் மாசு அம்மன் கோயிலுக்குப் போனேன். அங்கே படுத்திருப்பவருக்காக வேண்டிக்கொள்ளத்தான். பெயர், வயது, ஊர் சொல்லித்தானே அம்மனிடம் கேட்க வேண்டும்? ஊர் தெரியும். வயது ஏறக்குறையச் சொல்லலாம். பெயர் தெரியவில்லை. எந்தக் கடிதத்திலும் நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஊதுபத்தி விரலைச் சுடும்வரை நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அடுத்த கடிதத்தில் வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அவர் பெயரை மட்டும் எழுதுங்கள். அவர் சீக்கிரம் எழுந்து நடக்கட்டும். தன் கையால் எடுத்துச் சாப்பிடட்டும்.

இப்படிக்கு,
யூகுவெய்