என் படத்தை நான் மறைப்பது குறித்து

அனுப்புநர்:
வே. இசக்கிப்ரியா (வயது 17),
த/பெ. வேல்சாமி,
பூக்கடை, கோயில் தெருமுனை,
கரமனை, திருவனந்தபுரம்.

பெறுநர்:
திட்ட அலுவலர் அவர்கள்,
பழந்தெருக்கள் பாதுகாப்பு, புதுப்பிப்புத் திட்டம்,
திருவனந்தபுரம்.

பொருள்: தெருமுனைச் சுவரோவியத்தில் உள்ள என்னை மறைப்பதாகக் கூறி, அதன் கீழே பூக்கட்டும் என்னையும் என் சித்தியையும் அகற்ற உத்தரவிட்டிருப்பது – மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். கரமனை அக்கிரகாரத்திலிருந்து கோயிலுக்குத் திரும்பும் முனையில் உள்ள பூக்கடை எங்களுடையது. கடை என்றால் பிளாஸ்டிக் கூடைகள், ஒரு ஸ்டூல், மழைக்கு ஒரு நீலத் தார்ப்பாய். அப்பா விடியற்காலையில் தோவாளைச் சந்தையிலிருந்து பூ கொண்டுவருவார். நான் கட்டுவேன். சித்தி செண்பகவல்லி விற்பார். எனக்கு ஆட்களோடு பேசக் கூச்சம் என்பதால் இந்த ஏற்பாடு. முழம் என்ன விலை என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் சித்தியைப் பார்ப்பேன். கேட்டவரும் சித்தியைப் பார்ப்பார். வியாபாரம் நடந்துவிடும்.

2. இந்த விஷயத்தை நேரில் சொல்லவே முயன்றேன். தங்கள் அலுவலகத்துக்கு வந்து, அறை வாசலில் இருந்தவர் என்ன வேண்டும் என்று கேட்டதும், குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் கொடுத்தார். குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். மறுமுறை வந்தபோது அவரே என்னைக் கண்டதும் தண்ணீர் எடுத்து நீட்டினார். ஆகவே எழுதுகிறேன். நாகர்கோவிலில் அத்தை வீட்டிலிருந்து எட்டாம் வகுப்புவரை படித்தேன். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனதும் நின்றுவிட்டேன். மலையாளம் பேச வரும், எழுதப் படிக்க வராது. தங்கள் அலுவலகத்தில் தமிழ் வாசிக்கிறவர்கள் இருப்பதாகத் தெருவில் சொன்னார்கள்.

3. திட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். மின்கம்பிகளைத் தரைக்கு அடியில் கொண்டுபோன பிறகு எங்கள் தெருவில் வானம் தெரிகிறது. பஞ்சாபகேசன் மாமா வீட்டு மரத்தூண்களைச் சுரண்டி எண்ணெய் பூசியதும் அவரே அடையாளம் தெரியாமல் தன் வீட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார். ஓடுகள் மாற்றியதில் யார் வீட்டிலும் இப்போது ஒழுகவில்லை. எல்லாம் நன்மையே.

4. சென்ற கார்த்திகையில் திட்டத்தின் சார்பில் ஒருவர் படம் பிடிக்க வந்தார். சித்தி தலையை வாரி, புடவையை இழுத்துச் செருகி, கூடையை இடுப்பில் வைத்தும் இறக்கியும் நின்றார். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் எடுத்தார். நான் வழக்கம்போலக் குனிந்து பூக்கட்டிக்கொண்டிருந்தேன். என்னை எடுத்தது எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

5. பிறகு ஓவியர் வந்து தெருமுனைச் சுவரில் சாரம் கட்டினார். முதல் நாள் இரண்டு கைகள் வந்தன. யார் கையோ என்று எல்லோரையும் போல நானும் பார்த்தேன். அடுத்த நாள் பின்னல் வந்தது. அதற்கடுத்த நாள் முகம் வந்தது. அன்று மாலை நான் கடைக்குப் போகவில்லை.

6. ஓவியத்தில் நான் தென்னை மரத்தில் பாதி உயரம் இருக்கிறேன். சுடிதாருக்குப் பதில் பாவாடை தாவணி. பிளாஸ்டிக் கூடைக்குப் பதில் பித்தளைத் தாம்பாளம். மேலும், சிரிக்கிறேன். இதனால் ஏற்பட்ட சங்கடங்கள் பல. வருகிறவர்கள் சுவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள், பிறகு மறுபடியும் சுவரையே பார்க்கிறார்கள். தாம்பாளம் எங்கே என்று கேட்கிறார்கள். தினமும் துளசி வாங்கும் விஜயம் மாமி, “நோக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுமாடி? இத்தனை நாளா எங்கே வச்சிண்டிருந்தே?” என்று கேட்டார். சித்தி ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அப்பாவிடம் மட்டும், “முப்பது வருஷமா வெயில்ல காய்ஞ்சது நானு. செவுத்துல ஏறுனது நேத்து வந்தவளாக்கும்” என்று சொன்னாராம். அதில் நியாயம் இருக்கிறது.

7. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இப்போது பொறுக்க முடியாதது வேறு. விடுமுறை நாட்களில் கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனி ஆட்கள் கூட்டமாக வந்து படத்தோடு நின்று படம் எடுக்கிறார்கள். அவர்களை ஒழுங்குபடுத்தக் காவலாளி சஜி சேட்டனை நியமித்திருக்கிறீர்கள். அவர் நல்லவர். மனைவிக்குத் தவறாமல் பிச்சிப்பூ வாங்குவார். ஆனால் அவர் வேலை அவருக்கு. “மோளே, ஒண்ணு மாறி இரி. நின்னைக் காணணும்னா நீ மாறணும்” என்றார். மாறி உட்கார்ந்தேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் மாறச் சொன்னார். இப்படி மாறி மாறி, போன வாரம் நான் பால் பூத்தின் வாசலில் இருந்தேன். அங்கிருந்தும் எழுப்பிவிட்டார்கள்.

8. இந்நிலையில், மழைக்குக் கட்டும் தார்ப்பாய் ஓவியத்தை மூக்குவரை மறைப்பதாகவும், கூடைகள் தெருவின் பழமைத் தோற்றத்துக்குப் பொருந்தவில்லை என்றும், இம்மாத இறுதிக்குள் கடையை அகற்ற வேண்டும் என்றும் தங்கள் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்துள்ளது. மாற்று இடமாக ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் ஓர் இடம் காட்டப்பட்டிருக்கிறது. இடம் விசாலமானது. காற்றோட்டம் உண்டு. ஆனால் கோயிலுக்குப் போகிறவர் யாரும் அந்த வழியே போவதில்லை. பூ வாங்க ஒருவர் பாலம் தாண்டி வந்து, மறுபடியும் பாலம் தாண்டிக் கோயிலுக்குப் போவார் என்று எனக்குத் தோன்றவில்லை. சாயங்காலத்துக்குள் விற்காத பூவை ஆற்றில்தான் விட வேண்டும். அதற்கு மட்டும் அந்த இடம் வசதி.

9. ஓவியத்தின் கீழே ஒரு பலகை உள்ளது. இத்தெருவில் தலைமுறைகளாகப் பூக்காரிகள் அமர்ந்து பூக்கட்டுவதை இன்றும் காணலாம் என்று அதில் எழுதியிருப்பதாக சஜி சேட்டன் எனக்கு வாசித்துக் காட்டினார். அன்று அவர் என்னை மாறி உட்காரச் சொல்லவில்லை.

10. ஐயா, சுவரில் இருப்பவளுக்கும் எனக்கும் உருவத்தில் வேறுபாடு குறைவு. ஆனால் அவள் சாப்பிடுவதில்லை. அவளுக்கு மாத்திரை சாப்பிடும் அம்மா இல்லை. மழையில் நனைந்தால் அவளுக்குக் காய்ச்சல் வராது. இருவரில் ஒருவருக்குத்தான் அந்த முனையில் இடம் என்றால், என்னை வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். இருவருக்கும் இடம் கொடுத்தால் நான் அவளோடு சண்டைக்குப் போக மாட்டேன். தார்ப்பாயைத் தாழ்த்திக் கட்டச் சித்தி சம்மதித்துவிட்டார். நாங்கள் குனிந்து போய்க்கொள்வோம். பழமைக்குப் பொருந்தும் கூடை இன்னதென்று சொன்னால் அதையும் வாங்கிக்கொள்கிறோம்.

11. இயன்றால் இன்னொன்று. ஓவியரை மறுபடியும் வரச்சொல்லி, முகத்தை மட்டும் என் சித்தியின் முகமாக மாற்றித் தர வேண்டும். அவர் நன்றாகச் சிரிப்பார். யார் பார்த்தாலும் அவருக்குக் கூச்சம் இல்லை. எங்கள் வீட்டிலும் அமைதி திரும்பும். கைகள் என்னுடையவையாகவே இருக்கட்டும். அவை நன்றாக வந்திருக்கின்றன.

ஆகவே, நோட்டீஸை நிறுத்திவைத்து, ஒருமுறை நேரில் வந்து பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கேள்விகளைச் சித்தியிடம் கேட்கலாம். என்னை அடையாளம் காணத் தங்களுக்குச் சிரமம் இருக்காது. சுவரைப் பார்த்துவிட்டுக் கீழே பார்த்தால் போதும். மாத இறுதிக்குள் வந்தால் கீழேயும் நான் இருப்பேன்.

இடம்: கரமனை
நாள்: தை 5

தங்கள் உண்மையுள்ள,
வே. இசக்கிப்ரியா
(கீழே இருப்பவள்)