பிக்கப்பில் ஒரு புது ஹோஸ்

மொன்டானா
பிப்ரவரி 4, 1979

அன்புள்ள தம்பி டெல்மருக்கு,

அக்கா ஆர்லிஸ் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன், மாடுகளும் இருக்கின்றன. நீ அலாஸ்காவில் மீன் நாற்றத்துக்கு நடுவே சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மூன்று வாரமாகக் குளிர் எலும்பைத் தின்கிறது. கிணற்று மோட்டார் உறைந்துவிட்டதால் மாடுகளுக்குப் பனிக்கட்டியை உருக்கித்தான் தண்ணீர் வைக்கிறேன்.

உன் அத்தானிடமிருந்து மாதம் இரண்டு கடிதம் வருகிறது. சிறையில் துணி துவைக்கும் இடத்தில் வேலை கொடுத்திருக்கிறார்களாம். கர்டிஸ் தன் சட்டையை ஒரு நாளாவது துவைத்து நான் பார்த்ததில்லை. இன்னும் மூன்றே முக்கால் வருஷம் ஊரார் சட்டையைத் துவைக்க வேண்டும்.

டிசம்பரில் அவனைப் பார்க்கச் சிறைக்குப் போதகர் என்னைத் தன் காரில் அழைத்துப்போனார். நானூறு மைல். போகும்போது பாவத்தைப் பற்றிப் பேசினார், வரும்போது மன்னிப்பைப் பற்றிப் பேசினார். இனி நடந்தே போனாலும் போவேன், அந்தக் காரில் ஏற மாட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். அப்பாவின் அறுபத்தொன்றாம் வருஷத்துப் பிக்கப்பை நானே சரிசெய்து ஓட்டிக்கொண்டு போவதாக முடிவு செய்திருக்கிறேன்.

சிரிக்காதே. விபத்துக்கு அப்புறம் நீ அக்டோபரில் டிராக்டரில் கட்டி இழுத்து வந்து கொட்டகையில் விட்ட இடத்திலேயே வண்டி நிற்கிறது. ஷெரீப்பின் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதிலிருந்து யாரும் தொடவில்லை. ரேடியேட்டர் நசுங்கி விசிறிக்குள் போயிருக்கிறது. வலதுபக்க மட்கார்டு, முகப்பு விளக்கு, பம்பர் எல்லாம் போச்சு. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உதிரிபாகக் கடை ஓரனிடம் போனேன். அவர் என் தலைக்கு மேலே யாரையோ தேடினார். "ஏம்மா, வீட்டுல ஆம்பளை யாரும் வரலையா?" என்று கேட்டார். "இருந்த ஒருத்தரை நீங்க எல்லாரும் சேர்ந்துதானே உள்ள அனுப்புனீங்க, ரேடியேட்டர் இருக்கா இல்லையா?" என்றேன். காயலான் கடைக்குக் கைகாட்டிவிட்டார். அங்கே மண்டியிட்டு நானே கழற்றி எடுத்து வந்தேன். மட்கார்டும் கிடைத்தது, பச்சை நிறம். சிவப்பு வண்டியில் பச்சை மட்கார்டு. பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும், ஊருக்கும் பொழுது போக வேண்டுமே.

இப்போது சிக்கல், தண்ணீர் பம்ப்பின் போல்ட் ஒன்று தலை முறிந்து உள்ளேயே மாட்டிக்கொண்டது. அதை எப்படி எடுப்பது என்று எழுது. அப்பா உனக்குத்தானே எல்லாம் சொல்லிக் கொடுத்தார். நான் விளக்குப் பிடித்த கை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறேன், வீம்புக்குத்தான். ஹால்வர் முன்வரிசையில் தனியாக உட்காருகிறார். அவர் மனைவி ஹில்டாவின் இடத்தில் இப்போது அவருடைய தொப்பி இருக்கிறது. ஆராதனை முடிந்து கீழே காப்பி குடிக்கும்போது என் பக்கத்து நாற்காலி மட்டும் எப்போதும் காலி. செத்தது அவர்கள் வீட்டு மனுஷி, நாம் என்ன சொல்ல முடியும்?

உடம்பைப் பார்த்துக்கொள். ஈரக் காலுறையோடு தூங்காதே.

உன் அக்கா,
ஆர்லிஸ்


மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதமும் நீ வரைந்து அனுப்பிய படமும் கிடைத்தன. நீ சொன்னபடியே போல்ட்டைச் சூடாக்கி, எண்ணெய் விட்டு, ஆறவைத்து, மறுபடி சூடாக்கி, நான்காம் நாள் திருகினேன். வெண்ணெயில் கத்தி போனதுபோல வந்துவிட்டது. கொட்டகையில் தனியாக நின்று கைதட்டினேன். கோழிகள் பயந்து ஓடின.

போன செவ்வாய்க்கிழமை எஞ்சின் கிளம்பியது. முதலில் இருமியது, பிறகு புகையைக் கக்கியது, பிறகு அப்பா காலத்தில் எப்படி ஓடியதோ அப்படியே சீராக ஓடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்து மாதத்தில் நான் செய்ததில் இது ஒன்றுதான் உருப்பட்டிருக்கிறது.

சிறைக்குப் போகும் வழியில் இரண்டு மலைக் கணவாய் இருக்கிறது. அதனால் பிரேக்கையும் முழுசாகப் பார்த்துவிடலாம் என்று பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் படுத்தேன். என்ன சேறு, என்ன துரு! அப்பா காலத்து மண் எல்லாம் அங்கே கெட்டியாக ஒட்டியிருக்கிறது. நீ ஜூன் மாதம் வந்தபோது வண்டி கம்பீரமாக நிற்க வேண்டும் என்று பின்பக்க வில்பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைத்தாயே, அந்த நாலங்குல இரும்புக் கட்டைகள், அவற்றின் மேல்கூட விரல் கனத்துக்கு மண். அத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு சாமான் மட்டும் கடையிலிருந்து நேற்று வந்ததுபோல இருக்கிறது. பின் பிரேக்குக்கு எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ். கறுப்பாக, பளபளவென்று, அதன்மேல் அச்சிட்ட வெள்ளை எழுத்துகூட அழியாமல்.

ஓரனிடம் பிரேக் ஆயில் வாங்கும்போது கேட்டேன். "கட்டை வெச்சு வண்டியத் தூக்கினா ஹோஸையும் நீளமா மாத்தணும்மா. இல்லேன்னா பாரம் இருக்குறவரைக்கும் ஒண்ணும் தெரியாது. காலி வண்டி ஒரு மேட்டுல குதிச்சா ஆக்சில் கீழ தொங்கும், ஹோஸ் பட்டுனு அறுந்துரும். இந்தப் பழசுல நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்தான். ஒண்ணு அறுந்தா நாலும் போச்சு" என்றார். பிறகு, "உன் தம்பி விவரமானவன், மாத்தியிருக்கான்" என்று பாராட்டவும் செய்தார்.

நானும் பாராட்டுகிறேன். உன்னை அவசரக்காரன் என்று எத்தனை முறை திட்டியிருப்பேன்! ஜூனில்தானே மாற்றினாய்? கட்டை வைத்த அன்றைக்கேயா? அறுவடை முழுக்க மண் ரோட்டில் ஓடிய வண்டி, அந்த ஒரு இடத்தில் மட்டும் ஏன் சேறு படவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. எனக்கு என்ன தெரியும், நீ சொன்னால் தெரிந்துகொள்கிறேன். எப்போது மாற்றினாய் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
ஆர்லிஸ்


ஏப்ரல் 2

டெல்மர்,

உன் கடிதம் எட்டே நாளில் வந்தது. இதுவரை நீ எனக்கு இவ்வளவு சுறுக்காகப் பதில் போட்டதே இல்லை. "ஜூன்லயே போட்டேன் அக்கா, அந்த இடத்துல சேறு அடிக்காது, நீ எதையும் கழட்டாதே, அப்படியே விடு" என்று எழுதியிருக்கிறாய். சரி என்று மடித்து வைத்தேன். நம்பக்கூடச் செய்தேன், சத்தியமாக.

வேலை முழுவதும் முடிந்தது போன வியாழக்கிழமை. அப்பாவின் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். வண்டியில் யார் கை வைத்தாலும், கொட்டகை அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் தச்சன் பென்சிலால் தேதி, ஓடிய மைல், செய்த வேலை, மூன்றையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் உன் பிடரியில் ஒன்று விழும். என்னை அவர் அந்தப் பென்சிலைத் தொட விட்டதில்லை. "வேலை செஞ்சவன்தான் எழுதணும், விளக்குப் புடிச்சவ இல்ல" என்பார். முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக என் பெயரை அங்கே எழுதலாம் என்று ஆசையோடு அந்தக் கதவைத் திறந்தேன்.

எனக்கு முன்னால் உன் கையெழுத்து இருந்தது. ஜூன் 9, பின்பக்கக் கட்டை, நாலங்குலம். ஹோஸ் என்று ஒரு வார்த்தை இல்லை. அதற்குக் கீழே ஆகஸ்டில் கர்டிஸ் எஞ்சின் ஆயில் மாற்றியது. அதற்குக் கீழே மறுபடி நீ. அக்டோபர் 18, பின் பிரேக் ஹோஸ், நீளம், காற்று எடுத்தாச்சு. மைல் 84,310.

வண்டியில் போய் மீட்டரைப் பார்த்தேன். 84,310.

விபத்து நடந்தது அக்டோபர் 17. சந்தையில் கன்றுகளை விற்றுவிட்டுக் காலி வண்டியோடு வந்தான் கர்டிஸ். பாலத்து மேட்டில் குதித்து, சரிவில் இறங்கி, நெடுஞ்சாலை முனையில் நிற்க முடியாமல் ஹில்டாவின் காரில் மோதினான். மறுநாள் நான் ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் இருந்தேன். நீ இங்கே கொட்டகையில் அறுந்த ஹோஸைக் கழற்றிவிட்டுப் புதிதை மாட்டிக்கொண்டிருந்தாய். இருபதாம் தேதி ஷெரீப்பின் ஆள் வந்து பிரேக் பெடலை மிதித்துப் பார்த்தான். கல்லாக இருந்தது. இருக்காதா பின்னே? சீட்டுக்கு அடியில் பழைய பீர் டப்பா இரண்டு கிடந்தது. கர்டிஸ் எட்டு மாதமாகத் தொடாமல் இருந்தான் என்று யாருக்கு அக்கறை? ரத்தச் சோதனைக்கு நேரம் கடந்துவிட்டது என்றார்கள்.

இதுவரைக்கும் பயம் என்று வைத்துக்கொள்கிறேன். பயத்தில் மனுஷன் எதையும் செய்வான். ஆனால் அதற்கப்புறம் அவன் கட்டிலில் உட்கார்ந்து, "அத்தான், குடிச்சேன்னு ஒத்துக்கோங்க, சீக்கிரமா முடிஞ்சுரும், நீதிபதி இரக்கப்படுவாரு" என்று நீதான் சொன்னாய். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினாய். அவன் இன்றைக்கும் கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிறான், 'டெல்மர் மட்டும் அன்னிக்கு இல்லேன்னா நாம என்ன ஆகியிருப்போம்' என்று.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு அந்தக் கதவில் எழுத எப்படி மனம் வந்தது என்று நான்கு நாளாக யோசிக்கிறேன். அப்பா அடித்து வளர்த்த கை, தானாகவே எழுதிவிட்டதோ. இல்லை, யாராவது ஒருத்தர் படிக்கட்டும் என்றே எழுதினாயோ. இரண்டாவதுதான் என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. நீ என் தம்பி ஆயிற்றே.

அந்தக் கட்டைகளைக் கழற்றிக் குப்பைமேட்டில் எறிந்துவிட்டேன். வண்டி இப்போது பழைய உயரத்தில் நிற்கிறது. அலமாரிக் கதவைக் கீலிலிருந்து கழற்றி, போர்வையில் சுற்றி, முன்சீட்டில் வைத்திருக்கிறேன். ஈஸ்டருக்கு மறுநாள் அது ஷெரீப்பின் மேசைக்குப் போகும். உன்னைக் கேட்டுக்கொண்டு அல்ல, உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஹால்வருக்கும் தெரிய வேண்டும். தன் மனைவியைக் கொன்றது எது என்று தெரியாமலே அந்த மனுஷன் தொப்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

இனி என் பங்கு. விபத்து நடந்த அன்றிரவே ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கர்டிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன முதல் பேச்சு உன் காதிலும் விழுந்ததுதான். "ஆர்லிஸ், நான் மிதிச்சேன். பெடல் தரை வரைக்கும் போயிருச்சு." நான் என்ன சொன்னேன்? "குடிகாரன் எல்லாரும் இதைத்தான் சொல்றான்" என்றேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அதற்கப்புறம் அவன் அதை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. போன மாதம் எழுதியிருக்கிறான்: 'ஒருவேளை நான் மிதிக்கவே இல்லையோ என்னவோ, இப்போ எனக்கே நினைவு சரியா இல்லை.' தன் காலையே நம்பாத மனுஷனாக அவனை ஆக்கிவிட்டோம், டெல்மர். நீ பாதி, நான் பாதி.

உன்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் என்று எழுத இந்தத் தாள் போதாது. நேரில் வந்தால் அறைவேன், அது நிச்சயம். ஆனாலும் இதைக் கர்டிஸிடம் நான் கடிதத்தில் சொல்லப்போவதில்லை. நீதான் சொல்ல வேண்டும், அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நீ சொல்லி முடித்ததும் நான் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தனியாகப் போய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும், பத்திரமாக ஊர் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஈஸ்டர் ஞாயிறு மதியம் ஒரு மணிக்குப் பார்வை நேரம். ஒரு கைதியைப் பார்க்க இரண்டு பேருக்கு அனுமதி உண்டு என்று சொல்லிச் சிறையிலிருந்து பெயர் கேட்டார்கள். என் பெயருக்குக் கீழே உன் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன்.

உன் அக்கா,
ஆர்லிஸ்