மடியில் போட்ட மண்

அக்கா,

காலையில் உன் புளியமரத்தை உலுக்கிவிட்டார்கள். வெயில் ஏற ஏற, உடைந்த பழத்தின் புளிப்பு வாசம் வீடு வரைக்கும் வந்தது. உலுக்கியது யார் தெரியுமா? உன் கொழுந்தன். உன் புருஷன் செத்து, கருமாதி முடிந்த கையோடு, "புள்ள பெக்காதவளுக்கு இந்த வூட்ல இன்னா வேல?" என்று உன்னை வெளியே அனுப்பினானே, அதே ஆள். கோணிகளோடு வந்திருந்தான். "இன்னா மச்சான், சௌக்கியமா?" என்று என்னை விசாரிக்க வேறு செய்தான்.

அந்த நிலம் அவன் வீட்டுச் சொத்தா? சாமையும் புளியும் சுமந்து போய்ச் செங்கம் சந்தையில் விற்று நீ வாங்கியது. கடைசிவரை உன்னோடு இருந்து உன்னைப் பார்த்துக்கொண்ட என் மகளுக்குத்தான் அது என்று முடிவு செய்தாய். அதையும் நம் ஊர் வழக்கப்படியே செய்தாய். பொங்கல் வைத்து, ஊரைக் கூட்டி, ஒரு கை மண் அள்ளி அவள் மடியில் போட்டாய்.

"எழுதியும் வெச்சிடலாம்க்கா" என்று மெதுவாகச் சொன்னேன்.

"ஊரே பாக்குது, உனக்குப் பத்தலியாடா? எட்டாவத ரெண்டு வாட்டி படிச்சவன், எனக்குச் சட்டம் சொல்ல வந்துட்டான்!"

ஊர் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே இன்னொரு இலைப் பொங்கல் வாங்கித் தின்றேன்.

நீ போன பிறகு நான் போய்ப் பார்த்த செங்கத்து வக்கீல் சிரிக்கவில்லை. "வாயால சொன்னதும் மண்ணு போட்டதும் செல்லாதுங்க. உயில் எழுதாம, புள்ளையும் இல்லாம ஒரு விதவ செத்துட்டா, அவங்களே சம்பாரிச்ச நெலங்கூட மொதல்ல புருஷனோட வாரிசுக்குத்தான் போவும்."

"தொரத்தி வுட்டவனுக்காங்க?"

"சட்டம் அதெல்லாம் கேக்காதுங்க. வேணும்னா கேசு போட்டுப் பாக்கலாம்."

உயிலுக்கு முத்திரைத்தாள்கூட வேண்டாமாம். வெள்ளைத்தாளில் எழுதி நீ ரேகை வைத்து, அதைப் பார்த்த இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தால் போதுமாம். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊரே நின்றதே அக்கா! பொங்கலுக்கு நீண்ட அத்தனை கைகளில் இரண்டைப் பிடித்து ஒரு கையெழுத்து வாங்க உனக்குத் தோன்றவில்லையே! பிடிவாதம். எல்லாவற்றிலும் பிடிவாதம்.

இன்று மூட்டை கட்டி முடித்ததும் கொழுந்தன் பெரிய மனசு காட்டினான். "உன் பொண்ணே பயிர் வெக்கட்டும் மச்சான். வாரத்துக்கு வுடறேன். வெளையறதுல பாதி குடுத்தா போதும்."

கீழே கிடந்த கொம்பை எடுத்து ஓங்கினேன். ஓங்கிய வேகத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. என்னைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்ததும் அவன்தான். அந்த மானக்கேட்டை எங்கே போய்ச் சொல்ல?

உட்கார்ந்தபடியே, "முடியாதுன்னு சொல்லும்மா" என்று மகளிடம் கத்தினேன்.

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. "கேசு நடக்கறப்ப நடக்கட்டும்ப்பா. அது வரைக்கும் வாரத்துக்குன்னா வாரத்துக்கு. அத்த நெலத்த நான் சும்மா போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, உதிர்ந்து கிடந்த இலையைக் கூட்டத் தொடங்கினாள். அவளுக்குச் சொந்தமான மண்ணில் அவள் குத்தகைக்காரியாகக் குனிந்ததைப் பார்த்தேன்.

செத்தவர்களைத் திட்டக்கூடாது என்கிறாள் என் மனைவி. திட்டத்தான் செய்கிறேன். நீ எழுதி வைக்காமலே என்னிடம் வந்து சேர்ந்தது இந்தக் கோபம் ஒன்றுதான். இதில் பங்கு கேட்டு எவனும் வரமாட்டான்.