உன் டேபிள்காரர்கள் வந்திருந்தார்கள்

அம்மா,

சமையலறை ஜன்னலைத் துடைக்கும்போது எண்ணெய்த் தூக்குக்குப் பின்னால் உன் பிளாஸ்திரி ஒன்று கிடைத்தது. கட்டை விரல் பருமனுக்குச் சுருண்டு, உள்ளே விரல் இருப்பதைப் போலவே நின்றுகொண்டிருந்தது. வேலை முடிந்து வந்ததும் நீ அதைப் பிய்த்து எறிய மாட்டாய். மெல்லத் திருகி முழுசாகக் கழற்றி, மறுநாளைக்கு ஆகும் என்று ஜன்னல் திட்டில் நிறுத்தி வைப்பாய். ஷூவின் மேல்தோலை ஓரம் மடித்து ஒட்டுகிறவர்கள் எல்லோர் விரலிலும் பிளாஸ்திரி உண்டு. அதைக் கழற்றி நிற்க வைக்கிறவள் கம்பெனியிலேயே நீ ஒருத்திதான் என்று உன்னோடு வேலை செய்யும் கோமதி அத்தை கிண்டல் செய்வார். எடுத்து முகர்ந்து பார்த்தேன். பசையின் வாசனை இன்னும் போகவில்லை.

அதைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வேலூர் பஸ்ஸை விட்டுவிட்டேன். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீசுக்குப் போன் செய்து உடம்பு சரியில்லை என்று சொன்னேன். எட்டு மாதமாக உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் டேபிளில் ஒரு வழக்கம் இருந்ததே. எட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து வேலை செய்யும் மேசை அது. அந்த எட்டுப் பேரில் யார் வீட்டிலாவது சாவு விழுந்தால், அவள் வேலைக்குத் திரும்பியபின் ஒரு மாதம் சாப்பாட்டு டப்பா கொண்டுவரக் கூடாது. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து அவளுக்கும் சேர்த்துச் சமைத்து வருவார்கள். கோமதி அத்தையின் வீட்டுக்காரர் நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்தபோது உன் முறை செவ்வாய்க்கிழமை. செவ்வாய் வந்தால் விடியும் முன்பே எழுந்து, இரண்டு டப்பா கட்டுவாய். நான் அப்போது பிளஸ் டூ. அவங்களுக்குச் சமைக்கத் தெரியாதா என்று கேட்டேன்.

"சமைக்கல்லாம் தெரியும். துன்னத்தான் தெரியாது இப்ப. தனியா துன்னா தொண்டையிலயே நிக்கும் பாப்பா" என்றாய்.

அது எனக்கு அப்போது புரியவில்லை. நம் இரண்டு பேர் வீட்டில் அப்பா போனது நினைவு தெரியாத வயதில். வேறு சாவு நான் பார்த்ததில்லை.

போன வருடம் உன்னை வேலூரில் சேர்த்தபோது, டாக்டர் சொன்னதைப் புரிந்துகொள்ள நம் பக்கம் நான் மட்டும்தான் இருந்தேன். பேரணாம்பட்டிலிருந்து வந்த மாமா, "படிச்ச புள்ள நீ இருக்கியே" என்று சொல்லிவிட்டு அன்று மாலையே ஊருக்குப் போய்விட்டார். வாணியம்பாடி கல்லூரியில் மூன்று வருடம் பின் பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள், டாக்டரின் அறையில் தனியாக நின்றேன். உன் வயிற்றில் இருப்பது வெறும் கட்டி இல்லை என்றார். நாட்கள் அதிகம் இல்லை என்றார். நான் உன்னிடம் வந்து, புண்தான், மாத்திரையில் ஆறிவிடும் என்றேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றாய்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். கிருமி தொற்றிவிடும், கூட்டம் சேர்க்காதீர்கள், ஒருவர் இருவர் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். கோமதி அத்தை போனில் கேட்டபோது முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

அப்படியும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை உன் டேபிள் முழுக்கக் கிளம்பி வந்துவிட்டது. ஆம்பூரில் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து ஏழு பேரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று எனக்குப் போன் செய்தார்கள். நான் கீழே இறங்கிப் போனேன். முன்னால் நஸீமா காலா. காலா என்றால் அவர்கள் வீட்டில் சின்னம்மா என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய், அப்படியே கூப்பிடு என்றாய். அவர் கையில் ஒரு டப்பா. பிரியாணிக்கு வைக்கும் கத்தரிக்காய்க் கறி, உனக்குப் பிடிக்கும் என்று செய்திருந்தார்.

அந்தப் படியில் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். இவர்கள் மேலே வந்தால் உன்னைப் பார்த்ததும் அழுவார்கள். அழுதால் நான் உன்னிடம் மறைத்தது உனக்குத் தெரிந்துவிடும். இது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. வார்டில் எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள், இவர்கள் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்கள், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று கூச்சப்பட்டேன். என் அம்மாவின் தோழிகளை நினைத்து, என் அம்மா சாகக் கிடக்கும் இடத்தில் கூச்சப்பட்டேன்.

"அம்மா தூங்கறாங்க காலா. ஊசி போட்டிருக்காங்க. எழுப்பக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

கோமதி அத்தை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நஸீமா காலா டப்பாவை என் கையில் கொடுத்து, "பரவால்ல கண்ணு. முழிச்சதும் நாங்க வந்தோம்னு சொல்லு" என்றார். திரும்பிப் பார்க்காமல் மாடி ஏறினேன். அந்த டப்பாவோடு உன் முன்னால் வர முடியாது. படிக்கட்டிலேயே உட்கார்ந்து அதைத் தின்றேன். காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. ருசியாக இருந்தது.

வந்து உட்கார்ந்தேன். நீ முழித்துக்கொண்டு உத்திரத்தைப் பார்த்தபடி இருந்தாய்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம தானே. யாராச்சும் வந்தாங்களா?"

"இல்லம்மா."

"ஓட்டி இருக்கும்" என்றாய். ஓவர்டைமை நீங்கள் சொல்லும் விதம் அது. அவர்கள் வராததற்கு நீயே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். புதன்கிழமை போய்விட்டாய்.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று கம்பெனி பஸ்ஸே நம் தெரு முனையில் வந்து நின்றது. நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, உன்னைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். ஒரு பக்கம் எனக்கு இடம் விட்டிருந்தார்கள். நான் போகவில்லை. கதவோரமாக, யாருக்கோ வழி சொல்வதுபோல் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். கோமதி அத்தை உன் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "வாசல் வரைக்கும் வந்தோமேடி, கண்ணத் தொறக்கலியேடி" என்று அழுதது என் காதில் விழுந்தது.

காரியம் முடிந்த மறுநாள் காலை நம் கேட்டில் ஒரு டப்பா தொங்கியது. நான் அவர்கள் டேபிள் இல்லை, கம்பெனியில் கால் வைத்தவளும் இல்லை. ஆனாலும் முறை எனக்கு வந்துவிட்டது. ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் வரும் முன் யாராவது ஒருவர் வந்து மாட்டிவிட்டுப் போவார்கள். ஒரு நாள் புளிசாதம், ஒரு நாள் கீரை, புதன்கிழமை நஸீமா காலாவின் சப்பாத்தி. சத்தம் கேட்டாலும் நான் வெளியே வர மாட்டேன். பஸ் போனபின் எடுப்பேன். பாதி நாள் அதை ஆபீஸ் வாட்ச்மேனுக்குக் கொடுத்தேன். டப்பாவைக் கழுவி, மறுபடியும் கேட்டில் மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் துக்கம் பேச வருவார்கள் என்று தெரிந்து, காலையிலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தேன். உடம்பு இளைத்துவிட்டது. தலை வாருவதற்கே கை எழவில்லை.

ஒரு மாதத்தில் நின்றுவிடும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. நாற்பதாவது நாளும் டப்பா தொங்கியது. திறந்து பார்த்தால் கத்தரிக்காய். அன்றைக்குத்தான் இனி முடியாது என்று தோன்றியது.

மறுநாள் பஸ் வரும் நேரத்துக்குத் தெரு முனைக்குப் போனேன். நம் பக்கத்தில் ஏறுகிறவர்கள் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். டப்பாவை நஸீமா காலாவிடம் நீட்டி, இனிமேல் வேண்டாம் என்றேன். ஏன் கண்ணு, காரம் ஜாஸ்தியா என்று கேட்டார். நான் நிமிராமல் சொன்னேன்.

"அன்னிக்கு அம்மா தூங்கல காலா. முழிச்சுட்டுத்தான் இருந்தாங்க. யாராச்சும் வந்தாங்களான்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேன்."

பஸ் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். கோமதி அத்தை முதல் ஆளாக ஏறிவிட்டார். மற்றவர்களும் ஏறினார்கள். நஸீமா காலா என் கன்னத்தைத் தொட வந்து, தொடாமல், கையை இறக்கிக்கொண்டு ஏறினார்.

அடுத்த நாள் டப்பா இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் கேட்டதுதான். ஆனால் காலை ஏழு மணிக்குக் கேட்டில் ஒன்றும் இல்லாததைப் பார்த்து அப்படி அழுவேன் என்று நினைக்கவில்லை. நீ போனதற்கு நான் முதன்முதலாக அழுதது அப்போதுதான், அம்மா.

நான்காம் நாள் ஞாயிறு. ஸ்டேஷனுக்குப் போகத் தெம்பில்லாமல் படுத்திருந்தேன். கதவைத் தட்டியது கோமதி அத்தை, பின்னால் நஸீமா காலா. கோமதி அத்தை நேராகச் சமையலறைக்குப் போய், அவரே தட்டுகளை எடுத்தார்.

"நாலு நாளா உன்ன டேபிள்ல வெச்சுத் திட்டினேன். படுபாவி, அவளயும் ஏமாத்தி எங்களயும் ஏமாத்திட்டான்னு. இன்னும் கோவம் போவல. சொல்லிட்டேன்."

நான் தலையாட்டினேன்.

"ஆனா இன்னிக்கு என் முற. உன்மேல இருக்கற கோவத்துக்காக என் முறய நான் வுட மாட்டேன். உக்காரு."

"அவ சின்னப் பொண்ணு, வுடு" என்றார் நஸீமா காலா.

"இன்னா சின்னப் பொண்ணு. டிகிரி முடிச்சவ."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். யாரும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் கோமதி அத்தை அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் மாடி ஏறியபின் அவர்கள் உடனே போகவில்லையாம். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போயிருக்கிறார்கள்.

"மூணாவது மாடின்னு தெரியும். எந்த ஜன்னல்னு தெரியாது. அதனால எல்லா ஜன்னலுக்கும் கைய ஆட்டினோம். யாரோ ஒரு தாத்தா பதிலுக்கு ஆட்டினாரு. இவ அவருக்கு சலாம் வெச்சா."

"பாவம், அவரப் பாக்க யாரு வந்தாங்களோ" என்றார் காலா. பிறகு என்னைப் பார்த்து, "ஒருவேள உங்கம்மா எங்கள பாத்திருப்பா கண்ணு. பாத்துட்டுத்தான் உன்கிட்ட கேட்டிருப்பா" என்றார்.

கோமதி அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஆமாம் என்று நான் சொல்வதற்காக இருவரும் காத்திருப்பது தெரிந்தது.

உன் கட்டில் உள்பக்கத்தில் இருந்தது, அம்மா. ஒரு பக்கம் சுவர், எதிரே நர்சுகளின் மேசை. அங்கே ஜன்னலே கிடையாது. ஆகாசத்தைப் பார்த்துப் பத்து நாளாகிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

"இருக்கும் காலா" என்றேன்.

அதன்பிறகு கோமதி அத்தை சரியாகச் சாப்பிட்டார். ஒரு பொய்யை இறக்கிவைத்த கையோடு இன்னொன்றை எடுத்துக்கொண்டேன். முதல் பொய் எனக்காக. இது யாருக்காக என்று பல நாள் யோசித்தும் தெளிவாகவில்லை.

உன் இடத்தில் இப்போது ரேவதி என்று ஒருவர். போன மாதம் அவர் வீட்டுக்காரர் தவறிவிட்டார். முறையில் உன் கை குறைகிறது என்று சொல்லி, வியாழக்கிழமையை எனக்கு எழுதிவிட்டார்கள். போன வியாழன் என் சாம்பாரில் உப்பு கம்மி. கோமதி அத்தை பஸ்ஸிலேயே திறந்து ருசி பார்த்துவிட்டு, உங்கம்மா மானம் போச்சு என்று போன் செய்து சிரித்தார். ரேவதியை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. டப்பா காலியாகத் திரும்பி வருகிறது.

நான் தேறிவிட்டேன் என்று நினைக்காதே. சில நாள் பஸ்ஸில் வரும்போது, நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது திடீரென்று கண்ணில் வரும். இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிடுவேன். அதை யாராலும் மாற்ற முடியாது.

ஆனால் நீ கேட்டதற்கு இன்று பதில் எழுதுகிறேன். வந்தார்கள், அம்மா. ஏழு பேரும் வந்தார்கள். அன்று ஓட்டி எதுவும் இல்லை. நீ எந்தப் பக்கம் இருக்கிறாய் என்று தெரியாமல் வெயிலில் நின்று, ஒரு ஜன்னலையும் விடாமல் கை ஆட்டிவிட்டுத்தான் போனார்கள். அவற்றில் உன்னுடையது இல்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும்.