குசினியில் எடுத்த பேட்டி

என் அன்பு மச்சாள்,

அந்தக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நீங்கள் தொடங்கிய 'ஆற்றங்கரைச் செய்தி' நிற்கவில்லை. இப்போது காலையில் நான்தான் வாசிக்கிறேன், உங்களைப் போலவே அலுமாரியைத் திறந்து சேலைகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு. அப்படிக் குரலைப் பதிந்தால் எதிரொலி வராது என்று நீங்கள் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தவள் நான். வெருகல் பக்கத்து ஊர்களில் இன்னமும் போன் குழுவில் அதைக் கேட்டுவிட்டுத்தான் வெளிக்கிடுகிறார்கள். யானை எந்தப் பக்கம் வந்தது, பஸ் ஓடுமா, யார் வீட்டில் செத்தவீடு, எல்லாம் அதேதான். சம்பளமும் அதேதான், ஒன்றும் இல்லை.

இனி வீட்டுக் கதை. கோபப்படாமல் கேளுங்கள்.

ஆற்றில் அனுமதி இல்லாமல் மண் அள்ளுகிறார்கள். கரை இடிந்து, புஷ்பத்தின் பயற்றங்காய்த் தோட்டத்தில் பாதி ஆற்றுக்குள் போய்விட்டது. அவள் அழுதுகொண்டே குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பினாள். அந்த இடத்தில் மண் ஏற்றிய உழவு இயந்திரம் யாருடையது என்றும் சொல்லியிருந்தாள். உங்கள் தம்பியுடையது.

எங்களோடு வேலை செய்யும் பெண்கள், பேரை விட்டுவிடுவோம் என்றார்கள். என் மேல் இரக்கம். என் புருசன் பேரை விட்டால் நாளைக்கு மற்றவர் பேரை எந்த வாயால் சொல்வது? ஆனால் எனக்குப் பயமாகவும் இருந்தது. திருகோணமலையில் மகளின் படிப்பு, வீட்டுச் செலவு, எல்லாம் அந்த இயந்திரத்தை நம்பித்தான். பழி சொல்லப்படும் ஆளிடம் நேரே கேட்காமல் செய்தி போடக்கூடாது என்பது நீங்கள் வைத்த சட்டம். அந்த ஆள் என் குசினியில் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முன்னால் கதிரையைப் போட்டு இருந்து, பதிவை அழுத்தினேன். புஷ்பம் சொன்னதைச் சொல்லி, உங்கள் பதில் என்ன என்று கேட்டேன்.

"என்ர வீட்டில, என்ர பெண்சாதி, எனக்கே பேட்டியோ?"

"ஓம். சொல்ல விருப்பமில்லை எண்டால் அதையும் சொல்லுங்கோ. அப்பிடியே போடுவன்."

பாணைக் கீழே வைத்தார். பிறகு போனைப் பார்த்துச் சொன்னார். "ஏத்தினனான். எல்லாரும் ஏத்துறாங்கள் எண்டு நானும் ஏத்தினனான். கரை இடியுமெண்டு தெரியும்."

அந்தக் கடைசி வசனத்தை வெட்டிவிடக் கை துடித்தது. வெட்டவில்லை. பேரோடு போட்டேன்.

அன்றிலிருந்து இயந்திரம் வளவுக்குள் நிற்கிறது. வயல் வேலைக்குக் கூப்பிட்டவர்களுக்கும் ஏலாது என்றுவிட்டார். என்னோடு கதை இல்லை. சோற்றைப் போட்டு வைத்தால் சாப்பிடுகிறார். பிழை விட்டேனா மச்சாள்? கூடப்பிறந்தவனை நீங்கள் இப்படி இருத்திக் கேட்டிருப்பீர்களா?

நேற்றுக் குழுவுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. பக்கத்து அறையில் இருந்துகொண்டு உங்கள் தம்பி அனுப்பியது. பாலத்துக்கு மேற்பக்கத்து ஆற்றில் இன்னமும் மண் எடுப்பிக்கிற முதலாளி யார் என்று சொல்லிவிட்டு, கடைசியில் என்னிடம் பேசினார்.

"ஆர் சொன்னதெண்டு கேட்டால் என்ர பேரைப் போடு. ஆனால் அந்தாளிட்டக் கேக்கத் தனியப் போகாத. நானும் வாறன்."

கேட்டுவிட்டு அழுதேன்.

அந்த முதலாளி எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரியும். நாளைக்கு இரண்டு பேருமாகப் போகிறோம். பயம் போகவில்லை. ஆனாலும் கேட்பேன். அவர் என்ன சொன்னாலும், சொன்னபடியே வாசிப்பேன்.

உங்கள் தம்பி பெண்சாதி,
வசந்தி