வலைச் சாக்கில் ரிஸ்னா கண்ட மீன்

அன்பு மகள் சுஹைராவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் உன் பிள்ளை ரிஸ்னாவும் இங்கே திருகோணமலையில் சுகம், நீயும் மருமகன் முனீபும் அந்தச் சீனத்துக் குவாங்சோவில் எங்களைவிடச் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, பிறகு என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் நான் வாய் திறந்தால் உம்மா பறித்துவிடுகிறாள், பிள்ளையும் மடியில் இருக்கிறாள், நான் சொல்லப்போவது அவள் காதில் விழக்கூடாதது. கடைச் சாமான் எடுக்க அங்கே வரும் முனீபின் தம்பி றுமைஸிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது, ஆனாலும் குசினிக்குள் நின்றபடியே இருக்கிறாள், நான் சொன்னால் கேட்பதில்லை, நீ சொல்லிப் பார். குசினிக் கூரை ஒழுகினதும் அடைத்தாயிற்று.

போன கிழமை நீ அழுதுகொண்டு சொன்னாய், பிள்ளை சீன எழுத்தைக் கண்டாலே அழுகிறாள், ஆறு வயதுக்கு இது பெரிய சுமை வாப்பா, செப்டம்பரில் குவாங்சோப் பள்ளியில் சேர்க்க வேண்டாம், இன்னும் ஒரு வருஷம் உங்களோடேயே இருக்கட்டும் என்று. நானும் ஓம், இருக்கட்டும் என்றேன். அந்த ஓம் பிழை மகள். சீனம் படிப்பிக்க நீ ஏற்பாடு செய்த லியூ டீச்சர் கிழமைக்கு மூன்று நாள் போனில் வருகிறா, பிள்ளையைக் கை நீட்டிக் காற்றில் எழுதச் சொல்கிறா, நீ அனுப்பிய எழுத்து அட்டைகளைத் தரையில் பரப்பி, தண்ணீர்க் குறி உள்ள எழுத்தெல்லாம் இந்தப் பக்கம், மரக் குறி உள்ளதெல்லாம் அந்தப் பக்கம் என்று பிரிக்கச் சொல்கிறா. எனக்கு அது வெறும் விளையாட்டாகப் பட்டது. சின்ன வயதில் குர்ஆன் ஓதல் பள்ளியில் நான் படித்த மாதிரி, ஒவ்வொரு எழுத்தையும் ஐம்பது தரம் சத்தமாகச் சொல்லு, ஐம்பது தரம் எழுது என்று கொப்பியைக் கொடுத்துவிட்டுக் கதிரையைப் போட்டு, எனக்கு ஓதித் தந்த லெப்பை மாதிரி முன்னால் உட்கார்ந்தேன். முதல் வரியை நானே எழுதியும் கொடுத்தேன். தமிழ் எழுதிப் பழகிய கை, பேனையைத் தூக்காமல் வளைத்து வளைத்து ஓடியது. மூத்தாப்பா, இப்படி வளைக்க ஏலாது, ஒரு கோடு முடிஞ்சா கையத் தூக்கோணும், டீச்சர் அப்படித்தான் சொன்னவ என்று பிள்ளை சொன்னாள். எனக்கே படிப்பிக்க வாறியா என்று அதட்டினேன். அன்றைக்குத்தான் அழத் தொடங்கினாள், அதைத்தான் நீ போனில் கண்டாய்.

முந்தநாள் காலை மீன் வாங்கக் கரைக்குப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் மீன் வாங்கும் ஸெய்னுதீன் புது வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தான், அது வந்த சாக்கில் பெரிதாக இரண்டு சீன எழுத்து. பிள்ளை என் கையை விட்டுவிட்டு அதன் முன்னால் போய்க் குந்தினாள். முதலாவதைத் தொட்டு, இதுக்குள்ள மீன் இருக்கு, பக்கத்துல மூணு சொட்டுத் தண்ணியும் நிக்குது, சொல்ற விதம் தெரியா, ஆனா இது மீன் பிடிக்கிற கதை என்றாள். இரண்டாவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு சட்டம், அதற்குள் குறுக்கும் மறுக்குமாகக் கோடுகள். பிறகு ஸெய்னுதீனின் கையிலிருந்ததைப் பார்த்தாள். இது வலை, பாருங்க, கண்ணுகூட இருக்கு என்றாள். ஸெய்னுதீன் வலையைக் கீழே போட்டுவிட்டான். படமெடுத்து டீச்சருக்கு அனுப்பினேன், இங்கிலிசில் பதில் வந்தது, இரண்டும் அவ இன்னும் படிப்பிக்காத எழுத்தாம், மீன்பிடி வலை என்றுதான் எழுதியிருக்கிறதாம். ஸுப்ஹானல்லாஹ், சத்தம் தெரியாத எழுத்தின் கருத்தை ஒரு சின்னப் பிள்ளை எப்படியம்மா கண்டுபிடித்தது? நாம் எழுத்தைக் கூட்டிச் சத்தம் வந்தபிறகுதானே கருத்தைப் பிடிக்கிறோம். நாற்பது வருஷம் துறைமுகத்தில் அந்த எழுத்துப் போட்ட பெட்டிகளை ஏற்றி இறக்கியவன் நான், ஒரு நாளும் அதற்குள் ஒரு மீனைக் கண்டதில்லை. அவள் விளையாட்டாகப் பிரித்து வைத்ததெல்லாம் அந்தச் சின்னத் தலைக்குள் அதனதன் இடத்தில் போய் இருந்திருக்கிறது. வரும் வழியெல்லாம் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன், மீன் வாங்க மறந்துவிட்டேன், உம்மாவிடம் நல்ல ஏச்சு.

இனித்தான் உன்னிடம் சொல்ல வேண்டியது. பிள்ளை அழுதது எழுத்தால் இல்லை, என்னால். அதைவிடப் பெரிய குற்றமும் ஒன்று இருக்கிறது. நீ இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும் என்றபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது மகள். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கப் பயந்துதான் அப்படி விரைவாக ஓம் சொன்னேன். தாயையும் பிள்ளையையும் ஒரு வருஷம் பிரித்து வைக்கப் பார்த்தவனை நீயும் மன்னித்துக்கொள், அல்லாஹ்வும் மன்னிக்கட்டும். கொப்பியைத் தூக்கி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டேன். ஓகஸ்டில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போ, பள்ளியில் இடத்தை விட்டுவிடாதே.

உங்கள் மூவரையும் அல்லாஹ் ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைப்பானாக. குளிர் தொடங்க முதல் அவளுக்குத் தடித்த சட்டை வாங்கி வை, நெஞ்சுச் சளி அவளுக்கு லேசில் போகாது. முனீபுக்கு என் ஸலாம்.

இப்படிக்கு,
உன் வாப்பா,
அபூதாஹிர்

பி.கு.: கீழே பெரிதாக இருக்கும் மீன் எழுத்து ரிஸ்னா உனக்கு எழுதியது. கடைசிக் கோட்டை மட்டும் என் கையைப் பிடித்து என்னைப் போடவைத்தாள். அது கொஞ்சம் வளைந்துவிட்டது. பரவாயில்ல மூத்தாப்பா, நான் போக முதல் பழகிருவீங்க என்றாள்.